ஐந்து தாள், முப்பது நாள்: டெல்லியில் சட்டத் தேர்வுக்குத் தயாராவது எப்படி

முதலில் கேள்வித்தாளைப் பார்த்துவிடுவோம். டெல்லிப் பல்கலைக்கழக எல்.எல்.பி. தாள்களின் வழக்கமான அமைப்பு இது: மூன்று மணி நேரம், எட்டுக் கேள்விகள், ஏதேனும் ஐந்துக்கு விடை, ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். 180 நிமிடத்தில் தாளைப் படித்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம், கடைசியில் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போனால், ஒரு விடைக்குக் கிடைப்பது 33 நிமிடம். பிரிவு எண், இரண்டு மூன்று வழக்குகள், அவற்றைப் பிரச்சினையோடு பொருத்திப் பார்ப்பது, முடிவு என எல்லாவற்றையும் அதற்குள் கையால் எழுதியாக வேண்டும். வேறு பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் தங்கள் தாளின் தலைப்பில் இருக்கும் குறிப்பைப் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலையணை கனத்தில் இருக்கும் கேஸ் மெட்டீரியலை (வழக்குத் தீர்ப்புகளின் தொகுப்பு) கரைத்துக் குடித்தவருக்கும் மூன்றாவது விடையிலேயே கை ஓய்ந்துவிடுகிறது. படிக்கப் பழகிய அளவு அவர் எழுதப் பழகவில்லை. மனச்சோர்வும் பெரும்பாலும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. நாள் முழுக்கப் படித்துவிட்டு ராத்திரி படுக்கும்போது ‘இன்னைக்கு என்ன பண்ணினோம்’ என்று கேட்டால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு விடையை முழுதாக எழுதிய நாளில் நான்கு பக்கம் இருக்கும். அதனால் தினம் ஒரு விடையாவது கடிகாரம் வைத்து எழுதுங்கள். கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான். உதாரணத்துக்கு முதல் செமஸ்டரின் ஐந்து தாள்களை எடுத்துக்கொள்வோம்: சட்டவியல், கான்ட்ராக்ட் (ஒப்பந்தச் சட்டம்), டார்ட்ஸ் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சிவில் சட்டம்), குற்றவியல், குடும்பச் சட்டம்.

முதல் நாள்: கட்டம் போடுங்கள்

பாடத்திட்டம், கடந்த ஐந்து ஆண்டுக் கேள்வித்தாள்கள், பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்டத்தின் மூலப்பாடம்) மூன்றையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெரிய வெள்ளைத்தாள் எடுத்து, இடப்பக்கம் தலைப்புகளை எழுதி, மேலே ஆண்டுகளை எழுதிக் கட்டம் போடுங்கள். எந்தத் தலைப்பு எந்த ஆண்டு வந்தது, கட்டுரைக் கேள்வியாகவா பிராப்ளமாகவா (ஒரு நிகழ்வைச் சொல்லித் தீர்வு கேட்பது) என்று குறியுங்கள். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் ‘இந்த மூன்று தலைப்பை விட்டுவிடலாம்’ என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். எட்டில் ஐந்து எழுத வேண்டிய தாளில் மூன்று தலைப்பைக் கைவிட்டால், மிச்சம் ஐந்தும் நீங்கள் நினைத்தபடியே வந்தாக வேண்டும்; தேர்ந்தெடுக்க இடமே இல்லை. ஒரே கேள்வியில் இரண்டு தலைப்பைக் கலந்து கேட்டால் கதை முடிந்தது. அதிகபட்சம் ஒரு தலைப்பை விடலாம். இன்னொன்றை அரைகுறையாக, பிரிவும் இரண்டு வழக்கும் மட்டுமாக வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் வாங்க நயி சடக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாடநூல் வாங்குவதில் தவறில்லை, பழைய பேர் ஆக்ட் மட்டும் வாங்காதீர்கள். குற்றவியல் சட்டங்கள் மூன்றும் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய பதிப்புதான்.

முப்பது நாளைப் பிரிப்பது

தாளுக்கு ஆறு நாள் என்று சமமாகப் பிரிப்பது பார்க்க அழகாக இருக்கும், நடைமுறைக்கு உதவாது. 21 நாள் முதல் சுற்று, 6 நாள் முழுத்தாள் பயிற்சி, 3 நாள் காலி என்று வையுங்கள். முதல் சுற்றில் ஒரு நாளைக் காலை, மாலை என்று பிரித்தால் 42 அரைநாள் கிடைக்கும். கான்ட்ராக்டுக்குப் பத்து, குற்றவியலுக்குப் பத்து, டார்ட்ஸுக்கு எட்டு, குடும்பச் சட்டத்துக்கு எட்டு, சட்டவியலுக்கு ஆறு. ஒரே பாடத்தை ஐந்து நாள் தொடர்ந்து பிடித்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும். அது முடிந்து மூன்று வாரம் கழித்துத் தேர்வு வரும்போது பாதி மறந்திருக்கும். காலையில் கனமான பாடம், மாலையில் இலகுவானது என்று இரண்டையும் ஓட்டுங்கள்.

காலி நாட்களைக் கடைசியில் சேர்த்து வைக்காமல் 8, 16, 24ஆம் நாட்களில் போடுங்கள். காய்ச்சல் வரும், ஊரிலிருந்து யாராவது வருவார்கள், அவர்களைக் குதுப் மினாருக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். ஒன்றும் நடக்காவிட்டால் அன்று நன்றாகத் தூங்குங்கள்.

ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும். ஒவ்வொரு தலைப்பையும் ஒரே ஒரு ஏ4 பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். பின்பக்கம் கூடாது. மேலே பிரிவு எண்களும் பிரிவின் முக்கியச் சொற்களும், நடுவில் நிரூபிக்க வேண்டிய கூறுகள், அதற்குக் கீழே நான்கைந்து வழக்குகள் ஆளுக்கு இரண்டு வரி, அடியில் ‘கேள்வி எங்கே முறுக்கும்’ என்று ஒரு கட்டம்.

மைனர் செய்யும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். மேலே: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவுகள் 10, 11, 68, வயது 18 என்பதற்கு 1875ஆம் ஆண்டு மெஜாரிட்டி சட்டம், பிரிவு 3. நடுவில்: மைனரின் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது, வயதுக்கு வந்த பிறகும் அதை ஏற்று உயிர் கொடுக்க முடியாது, வயதை மறைத்திருந்தாலும் எஸ்டாப்பல் (முன்பு சொன்னதைப் பிறகு மறுக்கவிடாத விதி) அவரைத் தடுக்காது. வழக்கு: மொஹோரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ், 1903, பிரிவி கவுன்சில் (அப்போதைய இறுதி மேல்முறையீட்டு மன்றம்). மைனர் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்தார், கடன் கொடுத்தவரின் ஏஜென்ட்டுக்கு அவர் மைனர் என்பது தெரியும், அடமானம் செல்லாது. அடிக்கட்டத்தில்: பெற்றதைத் திருப்பித் தரச் சொல்லலாமா? பிரிவு 65 பொருந்தாது; 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 33இன்படி, அவர் பயனடைந்த அளவுக்கு நீதிமன்றம் திருப்பித் தரச் சொல்லலாம். வாங்கிய பொருள் அத்தியாவசியமா? அப்படியானால் பிரிவு 68இன்படி அவருடைய சொத்திலிருந்து வசூலிக்கலாம், அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார்.

இப்படி ஒரு பக்கம் தயாராக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். தயாரான அன்றே அதற்கொரு பிராப்ளம் எழுதிவிடுங்கள். பதினேழு வயது மாணவர் ஒருவர், பத்தொன்பது என்று சொல்லித் தவணையில் லேப்டாப் வாங்குகிறார்; இரண்டு தவணைக்குப் பிறகு பணம் கட்டவில்லை; கடைக்காரர் வழக்குப் போடுகிறார். 33 நிமிடத்தை இப்படிச் செலவிடுங்கள்: மூன்று நிமிடம் பென்சிலால் திட்டம், எழுவினாக்கள் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) மூன்று வரி, சட்டமும் வழக்குகளும் பன்னிரண்டு நிமிடம், பொருத்திப் பார்ப்பது பதினான்கு நிமிடம், மிச்சத்தில் முடிவு.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது பொருத்திப் பார்ப்பதில். மொஹோரி பீபி கதையை ஒன்றரைப் பக்கம் சொல்லிவிட்டு, ‘ஆகவே இங்கும் ஒப்பந்தம் செல்லாது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். திருத்துகிறவர் அந்தக் கதையை அன்று காலையிலிருந்து முப்பது முறை படித்திருப்பார். அவர் தேடுவது வேறு: அந்த வழக்கில் கடன் கொடுத்தவர் தரப்புக்கு வயது தெரியும், இங்கே கடைக்காரருக்குத் தெரியாது, அந்த வித்தியாசத்தால் என்ன மாறும், என்ன மாறாது? கல்லூரி மாணவருக்கு லேப்டாப் அத்தியாவசியம் என்று வாதாட முடியுமா? பொருள் இன்னும் அவர் கையில் இருக்கிறதே, அதைத் திருப்பிக் கேட்கலாமா? மதிப்பெண் இந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஊரில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆங்கிலத் தீர்ப்பு இரட்டைச் சுமை. மனப்பாடம் செய்தால் கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் உதவாது. ஒரு வழக்கைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பேச்சுத் தமிழில் யாரிடமாவது சொல்லுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் சொன்னாலே போதும். “அம்மா, கடன் வாங்குனவன் மைனர். குடுத்தவனோட ஆளுக்கு அது முன்னாடியே தெரியும். அதனால பத்திரம் செல்லாதுன்னுட்டாங்க.” உடனே அந்தப் பக்கமிருந்து, “அப்ப குடுத்த காசு போச்சா?” என்று கேள்வி வரும். பிரிவு 65ம் பிரிவு 33ம் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியவைதான். பதில் சொல்லத் திணறினால் அந்த வழக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

சொல்லி முடித்த கையோடு அதையே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக எழுதுங்கள். அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. யார், என்ன செய்தார், நீதிமன்றம் என்ன சொன்னது என்று சிறு வாக்கியங்கள் போதும். சட்டத்தின் சொற்களை மட்டும் மாற்றாதீர்கள். மறுபயனுக்குச் சட்டம் ‘கன்சிடரேஷன்’ என்கிறது. அதையே எழுதுங்கள், உங்கள் சொந்தச் சொல்லைப் போடாதீர்கள். ‘ஷால்’ இருக்கும் இடத்தில் ‘மே’ எழுதினால் பொருளே மாறிவிடும்.

வழக்குகளை நினைவில் நிறுத்துவது

பெயர்ப் பட்டியலை உருப்போடுவதைவிட, ஒவ்வொரு வழக்கையும் ஒரு பொருளோடோ இடத்தோடோ கட்டிவிடுங்கள். டெல்லியில் இருப்பதில் இது ஒரு வசதி. மஞ்சள் பாதை மெட்ரோவில் வடக்கு வளாகத்துக்குப் போகும்போது சாந்தினி சௌக் நிலையம் வரும். அதற்கு மேலே கடைத்தெருவில், டவுன் ஹாலுக்கு எதிரே நின்றிருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்குதான் டெல்லி மாநகராட்சி எதிர் சுபாக்வந்தி, உச்ச நீதிமன்றம், 1966. கட்டடத்துக்கு வயது 80. பயன்படுத்திய சாந்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுதான். மணிக்கூண்டு தானாக விழாது, பராமரித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது ரெஸ் இப்ஸா லோக்விட்டர். 80, 45 என்ற இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும், விதி தானாக நினைவுக்கு வரும்.

அதே போல ஓலியம் வாயு வழக்கு. 1985 டிசம்பர் 4 அன்று டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து வாயு கசிந்தது; திஸ் ஹசாரி நீதிமன்றத்தில் தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவர் அதனால் இறந்ததாக உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் அது வெளியேறிச் செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு என்ற 1868ஆம் ஆண்டு ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் விதிக்கு விலக்குகள் உண்டு, இந்த ஓலியம் வழக்கில், அதாவது எம்.சி. மேத்தா வழக்கில், வந்த முழுப்பொறுப்புக்கு விலக்கே கிடையாது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதுங்கள், பிரித்துப் படித்தால் குழம்பும்.

பின்னால் அரசமைப்புச் சட்டம் படிக்கும்போது நம் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும்: 1950இல் ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம், 1951இல் சம்பகம் துரைராஜன், 1952இல் வி.ஜி. ராவ். 2007இல் ஒன்பது நீதிபதிகள் முடிவு செய்த ஐ.ஆர். கோயலோ வழக்கின் வேர் கூடலூர் ஜன்மி (பரம்பரை நிலவுடைமை) நிலங்களில் இருக்கிறது. நீலகிரிப் பக்கத்துக்காரர் என்றால் அதை மறக்கவே முடியாது.

தேர்வில் பெயர் மறந்துவிட்டால்? ‘உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில்’ என்று எழுதிவிட்டு விதியைச் சரியாகச் சொல்லுங்கள். ஆண்டு தவறினால் பெரிய நஷ்டமில்லை. பெயரைக் கற்பனை செய்து எழுதினால் திருத்துகிறவருக்கு மற்ற விடைகள் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

பழைய எண், புதிய எண்

குற்றவியலில் இப்போது ஒரு தனித் தொல்லை. நீங்கள் படிக்கும் தீர்ப்புகள் எல்லாம் இந்திய தண்டனைச் சட்டத்தின் எண்களில் பேசும். விடையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் எண் வேண்டும். ஒரு அட்டையில் இரண்டு பத்தியாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்: 299 என்பது 100, 300 என்பது 101, 302 என்பது 103, 304 என்பது 105, 34 என்பது 3(5), 378 என்பது 303, 420 என்பது 318(4), 498ஏ என்பது 85. நம்மவர்கள் ஏமாற்றுக்காரனை இன்னும் ‘ஃபோர் ட்வென்டி’ என்றுதான் சொல்வார்கள். விடைத்தாளில் அதை எழுதிவிடாதீர்கள்.

பழைய எண் புதிய சட்டத்திலும் இருப்பதுதான் உண்மையான பொறி. நியாய சன்ஹிதாவின் 302 மத உணர்வைப் புண்படுத்துவது பற்றியது, 304 பறிப்புத் திருட்டு பற்றியது. அடுத்த செமஸ்டரில் நடைமுறைச் சட்டம் வரும்போது இன்னும் மோசம்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதன் இடத்தில் வந்த புதிய நடைமுறைச் சன்ஹிதாவில் 482 முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. அதனால் எண்ணை மட்டும் எழுதாமல் பக்கத்தில் குற்றத்தின் பெயரையும் சட்டத்தின் பெயரையும் சேர்த்தே எழுதப் பழகுங்கள். 1876ஆம் ஆண்டு கோவிந்தா வழக்கை இப்படித்தான் எழுத வேண்டும்: மனைவியை உதைத்து, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் குத்தினான், மரணம் நேரக்கூடிய தாக்குதல்தான், ஆனால் கொலைக்கு வேண்டிய அளவு இல்லை, எனவே இப்போதைய 100 (மரணம் விளைவித்தல்), 101 (கொலை) பிரிவுகளுக்கு இடையே உள்ள கோடு இது.

மனசு ஓடாத நாட்களில்

உட்கார மனமே வராத நாள் வாரத்துக்கு ஒன்றாவது வரும். அன்று ‘ஆறு மணி நேரம் படிக்கணும்’ என்று தொடங்கினால் தொடங்கவே மாட்டீர்கள். பேர் ஆக்டை எடுத்து ஒரு பிரிவைப் பார்த்து அப்படியே கையால் எழுதுங்கள், பத்து நிமிடம். மூளை வேலை ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அதன் பிறகு உதாரணங்களைப் படிக்கத் தோன்றும், அங்கிருந்து ஒரு வழக்கு. அதுவும் வரவில்லையென்றால் அன்று மாலை மட்டும் விடுமுறை, மறுநாள் காலை கிடையாது.

எத்தனை மணி நேரம் படித்தோம் என்று கணக்கு வைக்காதீர்கள். எழுதிய விடைகளை எண்ணுங்கள். சுவரில் ஒரு தாள், எழுதிய ஒவ்வொரு விடைக்கும் ஒரு கோடு. 27 படிப்பு நாளில் 40 கோடு இருந்தால் நன்றாகவே போகிறது.

கிளாஸ் வாட்ஸாப் குரூப்பை டேட்ஷீட் (தேர்வு அட்டவணை) வந்த நாளோடு மௌனமாக்குங்கள். ‘ஷ்யூர் கொஸ்டின்’ என்று பிடிஎஃப் வரும், ராத்திரி பதினொன்றுக்கு யாரோ ‘நான் ரெண்டு தடவை முடிச்சிட்டேன்’ என்பார்கள். அறிவிப்பு வந்தால் சொல்லும்படி ஒருவரிடம் பொறுப்பை விடுங்கள், போதும்.

சேர்ந்து படிப்பதென்றால் மூன்று பேர். ஐந்து பேரானால் டீக்கடைதான். ஆர்.கே. புரத்தில் இருப்பவர்கள் டெல்லித் தமிழ்ச் சங்கத்து நூலகத்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை மூவரும் ஒரே பிராப்ளத்தை 33 நிமிடத்தில் எழுதி, தாளை மாற்றிக்கொண்டு திருத்துங்கள். எழுவினா 3, சட்டம் 6, வழக்கு 3, பொருத்தம் 6, முடிவு 2. அடுத்தவர் தாளில் தெரியும் ஓட்டைதான் உங்கள் தாளிலும் இருக்கும்.

ஆர்.கே. புரத்திலிருந்து மெட்ரோவில் ஹவுஸ் காஸ் வந்து மஞ்சள் பாதைக்கு மாறி விஸ்வவித்யாலயா போகிற நேரத்தில் புதிதாக எதையும் படிக்க முயலாதீர்கள். நெரிசலில் தீர்ப்பு ஏறாது. ஒரு பக்கக் குறிப்பைப் போனில் படமெடுத்து வைத்து, மேல்வரியைப் பார்த்துக் கீழே உள்ளதை மனதுக்குள் சொல்லிப் பார்க்க அந்த நேரம் சரியாக இருக்கும்.

டிசம்பர் குளிர் நம்மவர்களுக்குப் பெரிய எதிரி. ரஜாயைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படித்தால் இருபது நிமிடத்தில் தூக்கம்தான். காலை முதல் பாதியை அறையில் நாற்காலியில் ஓட்டிவிட்டு, பதினொன்றிலிருந்து இரண்டு வரை மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து எழுதுங்கள். மே, ஜூனில் இதற்கு நேரெதிர்: ஐந்து மணிக்கு எழுந்து ஒன்பதுக்குள் கனமான வேலையை முடித்துவிட வேண்டும்.

திட்டம் ஒரு வாரம் பின்தங்கிவிட்டால் மொத்த அட்டவணையையும் தள்ளாதீர்கள்; தேர்வு தள்ளிப் போகாது. மிச்சமுள்ள தலைப்புகளுக்குத் தீர்ப்பு படிப்பதை நிறுத்திவிட்டு, பிரிவும் இரண்டு வழக்கும் கொண்ட அரைப் பக்கம் போதும் என்று வெட்டுங்கள். முழுத்தாள் பயிற்சியின் ஆறு நாளில் மட்டும் கை வைக்காதீர்கள். பல நாள் தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது சோம்பல் இல்லை. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

தேர்வு நாள்

முந்தின இரவு அந்தத் தாளின் ஒரு பக்கக் குறிப்புகள் மட்டும், புத்தகத்தைத் திறக்காதீர்கள். அட்மிட் கார்டு, அடையாள அட்டை, பழகிய பேனா இரண்டு. ஜனவரி மூடுபனியில் ஆட்டோவை நம்பாமல் மெட்ரோவில், அரை மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். விரல் விறைத்திருந்தால் முதல் விடை கிறுக்கலாகும். உள்ளே போகும்வரை கையுறையைக் கழற்றாதீர்கள்.

தாளில் எழுதப்போகும் ஐந்து கேள்விகளின் பக்கத்திலும் முடிக்க வேண்டிய நேரத்தைப் பென்சிலால் குறியுங்கள். நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுதலாம், ஆனால் அதில்தான் ஐம்பது நிமிடம் கரையும். குறித்த நேரம் வந்ததும் பாதி வாக்கியமானாலும் நிறுத்தி, அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கு விடை பிரமாதமாக எழுதி ஆளுக்கு 14 வாங்கினால் 56. ஐந்தையும் சுமாராக எழுதி ஆளுக்கு 12 வாங்கினால் 60. கடைசிக் கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் மிச்சம் என்றால் பத்தியாக எழுதாதீர்கள். எழுவினா ஒரு வரி, பிரிவு ஒரு வரி, இரண்டு வழக்குகள் ஆளுக்கு ஒரு வரி, பொருத்தம் ஐந்து வரி, முடிவு ஒரு வரி. பத்து வரியில் விடை நிற்கும்.